பார்லோ கை நனைத்த வீடு

இரஞ்சிதத்தை ஊராருக்கு அடையாளம் சொல்வதானால், சுழிபுரம் சங்கரப்பிள்ளையரின் நடுவில் பெட்டை என்றால் போதும். மூத்தவள் மூளாய்க்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். இளையவள் கழுத்து நீட்டாமலே கண்ணை மூடினாள். நடுவிலாள்தான் கப்பல் ஏறினாள். முதலில் தலூவாத் தீவில் இறங்கினாள். பிறகு மெல்பேணில் இறங்கினாள். அங்கிருந்து வேறெங்கும் ஏற முடியாமல் நின்றுவிட்டாள்.

எழுபத்தாறாம் ஆண்டு, மெல்பேணின் ஓரத்தில் டண்டினொங்கில் ஒரு வாடகை வீடு. முன்கதவுக்குப் பக்கத்தில் 'தலூவாக் குடியரசு, தூதரகம்' என்று ஒரு பலகை. முன்வளவில் கம்பம் நட வீட்டுக்காரன் விடவில்லை, புல் கெட்டுப்போகுமாம். அதனால் குடியரசின் கொடி பின்வளவில், உடுப்புக் காயவிடும் சுற்றுக்கம்பியின் உச்சியில் பறந்தது. நீலத் துணியில் மஞ்சள் ஆமை. தைத்தது இரஞ்சிதம்தான். காற்றடித்தால் கம்பி சுற்றும், ஆமையும் சுற்றும், கீழே கதிர்காமநாதனின் பெனியனும் சேர்ந்து சுற்றும். மழை வந்தால் முதலில் கொடியைக் கழற்றவேண்டும், பிறகுதான் உடுப்பு. அது புருசன் போட்ட சட்டம்.

கதிர்காமநாதன் சங்கானைக்காரர். வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் ஆட்கள் மலாயாவுக்குக் கிளாக்கர் வேலைக்குப் போனதுபோல, ஒருசிலர் இன்னும் தூரம் போனார்கள். இவர் தலூவாவின் துறைமுகக் கந்தோருக்குப் போனார். தென்னையும் மீனும் ஆமையும் உள்ள சின்னத் தீவு. நிர்வாகமெல்லாம் பக்கத்துப் பெரிய தீவிலிருந்து. அங்கேதான் இரஞ்சிதம் இரண்டு பிள்ளை பெற்றாள். மூத்தவன் குகன் ஆறு வயதில் காய்ச்சல் கண்டு போனான். பிள்ளை என்றபடியால் எரிக்கவில்லை, கப்பல் அணைகிற கப்பல்பாலத்துக்கு மேலே, கரையில் நின்ற தாழை மரத்தடியில் புதைத்தார்கள். அதற்குப் பிறகு வந்த ராசேஸ்வரியைப் பன்னிரண்டு வயதில் படிப்புக்கென்று சங்கானைக்கு, கதிர்காமநாதனின் தங்கச்சி பவளத்திடம் அனுப்பினார்கள். அனுப்பிய நாளிலிருந்து இரஞ்சிதம் மகளைக் கண்டதில்லை.

வெள்ளைக்காரன் போகும்போது பெரிய தீவையும் சின்னத் தீவையும் ஒரே முடிச்சில் கட்டிவிட்டுப் போனான். தலூவாக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. கப்பல்பாலத்தில் கூடி, நாங்கள் தனி நாடு என்று தாங்களே சொல்லிக்கொண்டார்கள். பெரிய தீவு பட்டாளம் அனுப்பவில்லை. கப்பலை நிறுத்தியது. அரிசியும் மருந்தும் வராமல் நின்றன.

ஒரு நாடு நாடாவதற்கு, வேறொரு நாடு ஓம் என்று சொல்லவேண்டுமாம். அந்த ஓமை வாங்கி வர ஒருவரை அவுஸ்திரேலியாவுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. தீவில் நல்ல ஆங்கிலம் எழுதத் தெரிந்தவரும் கோட்டு வைத்திருந்தவரும் கதிர்காமநாதன் ஒருவர்தான். தலூவாப் பிரசை என்று கையெழுத்து வைத்தார், மனைவியையும் வைக்கச் சொன்னார். புது நாட்டின் கடவுச்சீட்டு இரண்டு கிடைத்தது. கடைசியாகப் போன கொப்பறாக் கப்பலில் ஏறினார்கள்.

வந்து இறங்கிய பிறகுதான் வில்லங்கம் விளங்கியது. அந்தக் கடவுச்சீட்டை எந்த நாடும் கடவுச்சீட்டென்று எடுப்பதில்லை. கையெழுத்து வைத்த அன்றே இலங்கைப் பிரசாவுரிமை போய்விட்டது. தலூவாவுக்குத் திரும்பக் கப்பல் இல்லை. பெரிய தீவு வழியாகப் போனால் கதிர்காமநாதனைப் பிடித்து மறியலில் போடுவார்கள். அவுஸ்திரேலியாக்காரருக்கும் இவர்களை எங்கே திருப்பி அனுப்புவது என்று தெரியவில்லை. அதனால் கொஞ்சம் இருங்கள், இன்னும் கொஞ்சம் இருங்கள் என்று தவணை தவணையாக விட்டுவைத்தார்கள். வேலை செய்ய அனுமதியில்லை. இரஞ்சிதம் வீட்டுக்குள் இருந்து ஒரு உடுப்புக் கொம்பனிக்குச் சட்டைக் கொலர் தைத்துக் கொடுத்தாள். தூதுவர் அதைக் காணாதவர்போலத் தையல்மெசினுக்கு முதுகு காட்டி மேசையில் இருப்பார்.

அவர் ஒவ்வொரு நாளும் கோட்டுப் போட்டு ரயிலேறி நகரத்துக்குப் போய்க் கதவு தட்டினார். எந்தெந்த நாட்டுக் கந்தோர்களோ. வந்து கதிரையில் விழுவார்.

"என்னப்பா, என்ன சொல்லிச்சினம்?"

"தேத்தண்ணி தந்தவை."

"தேத்தண்ணி கணக்கில்லை" என்பாள் இரஞ்சிதம்.

அவள் பகிடிக்குச் சொல்லவில்லை. எங்கள் ஆட்களின் கணக்கு அதுதான். சம்பந்தம் பேச வருகிறவர்கள் தேத்தண்ணி குடிப்பார்கள், வெற்றிலை போடுவார்கள். சோற்றில் கை வைக்கமாட்டார்கள். பேச்சு முற்றாகும் வரைக்கும் "இன்னொரு நாளைக்குச் சாப்பிடுவம்" என்று எழும்பிவிடுவார்கள். என்றைக்கு இலை போட்டு உட்கார்ந்து கை நனைத்தார்களோ, அன்றைக்கு முடிந்தது. பிறகு வாய் திறந்து சம்மதம் என்று சொல்லவே தேவையில்லை. கதிர்காமநாதனின் தகப்பன் சுழிபுரத்தில் மூன்று தரம் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போன மனிசன். நாலாம் தரம் வந்து கத்தரிக்காய்க் குழம்போடு சாப்பிட்டார். அப்படித்தான் இரஞ்சிதத்துக்குக் கலியாணம் நிச்சயமானது.

கதவு தட்டிய இடங்களில் ஒரு இடத்தில் பார்லோ என்றொரு அவுஸ்திரேலிய அதிகாரி இருந்தார். கான்பராவிலுள்ள பெரியவர்களுக்கு மெல்பேணிலிருந்து அறிக்கை எழுதுகிறவர். நாற்பத்தைந்து வயசு வரும், மெல்லிய சிவத்த மனிசன். மற்றவர்கள் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டதை இவர் ஆளைப் பார்த்துக் கேட்டார். தலூவாவின் சுதந்திர தினம் பங்குனியில் வந்தது. கதிர்காமநாதன் அச்சடித்த அழைப்பைப் பல இடங்களுக்கு அனுப்பினார். வந்தது பார்லோ மட்டும்.

இரஞ்சிதம் இரண்டு நாள் சமைத்தாள். மிளகாய்த்தூள் வறுத்த காரத்தில் பக்கத்து வீட்டுக்காரி யன்னலைச் சாத்திவிட்டு இருமினாள். டண்டினொங் சந்தையில் கிரேக்க இறைச்சிக்கடைக்காரனிடம் எலும்போடு ஆட்டிறைச்சி வாங்கினாள். காய்ந்த தேங்காய்ப்பூவைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து பால் எடுத்தாள். முள்ளுக்கரண்டி ஒன்று மேசையில் வைத்திருந்தாள். பார்லோ அதை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுக் கதிர்காமநாதனைப் பார்த்தார்.

"நீங்கள் கையால்தான் சாப்பிடுவீர்களா?"

"வீட்டில் அப்படித்தான், மிஸ்டர் பார்லோ."

"அப்போது நானும்."

கை கழுவி வந்து உட்கார்ந்தார். விரலைச் சோற்றில் வைத்தவுடன் சூட்டில் எடுத்தார், சிரித்தார், திரும்ப வைத்தார். எலும்பை உறிஞ்சினார். இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கினார். இரசத்தைக் குடித்து மூக்கைத் துடைத்தார். போகும்போது, "நீங்கள் இருவரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரவேண்டும்" என்றார்.

கார் போன சத்தம் அடங்கவில்லை, கதிர்காமநாதன் குசினி வாசலில் வந்து நின்றார்.

"இஞ்சேரும். என்ன நினைக்கிறீர்?"

"நினைக்க என்ன கிடக்கு? கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர். மாறித் தங்கட வீட்டையும் கூப்பிட்டவர். ஊரில எண்டா தாலிக்குப் பொன்னுருக்க நாள் வைச்சிருப்பம்."

"தனி மனிசனா வந்தவரோ, அரசாங்கமா வந்தவரோ?"

"அழைப்பில என்ன எழுதினனீங்கள்?"

"தலூவாக் குடியரசின் சுதந்திர தினம் எண்டு."

"அதை வாசிச்சுப்போட்டுத்தானே வந்தவர்? வாசிச்சு, வந்து, கை நனைச்சவர். இதுக்கு மேல என்ன, தாலியோ கட்டவேணும்?"

அவருக்கும் அந்த எண்ணம்தான். தன் வாயால் சொல்லப் பயந்து அவள் வாயால் கேட்க வந்தார், அவ்வளவுதான். அடுத்த நாள் காலமை தபாற்கந்தோர் திறக்குமுன் போய் நின்று தலூவாவின் தலைவருக்குத் தந்தி அடித்தார்: அவுஸ்திரேலியா எங்களை ஏற்றுக்கொண்டது.

தலூவாவில் கப்பல்பாலம் முழுக்கச் சனம் கூடி ஆடியதாம். ரோணியோவில் அடிக்கிற ஒற்றைத்தாள் பத்திரிகையில் பார்லோவின் பெயர் கொட்டை எழுத்தில் வந்தது. வானொலியும் சொன்னது. பெரிய தீவின் ஆட்கள் அதைக் கேட்டுக்கொண்டு கான்பராவில் போய்ச் சத்தம் போட்டார்கள். கான்பராக்காரர் இரண்டே வரியில் மறுப்பு விட்டார்கள். அப்படி ஒரு நாட்டை நாங்கள் அறியோம், அறிவதாக யாரும் சொல்லவும் இல்லை. பார்லோவை அந்த மேசையிலிருந்து எழுப்பிப் பழைய காகிதம் கட்டிவைக்கிற அறைக்கு அனுப்பினார்கள்.

அதுவரைக்கும் தேத்தண்ணி தந்த இடங்களும் கதவைச் சாத்தின. கதிர்காமநாதன் கோட்டுப் போடுவதை நிறுத்தவில்லை. போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தார். டெலிபோன் அடிக்காது. அடித்தால் கொலர் கொம்பனிக்காரனாக இருக்கும். மாரி தொடங்கியது. மழை, காற்று, மழை. இரஞ்சிதம் மெசினை மிதிக்கும்போதெல்லாம் அந்த இரண்டாம் தரம் போட்ட சோறு நினைவுக்கு வரும். நான் சமைச்சதுதான் எல்லாத்தையும் கெடுத்தது என்று நினைப்பாள். பிறகு, நான் சமைத்ததில் என்ன பிழை, அந்த மனிசன் சாப்பிடாமல் போயிருக்கலாமே என்றும் நினைப்பாள்.

அந்த மழைக்குள்தான் பவளத்தின் கடிதம் வந்தது. ராசேஸுக்குச் சம்பந்தம் சரிவந்துவிட்டது. மாப்பிள்ளை தேவராஜா, சித்தங்கேணிப் பக்கம், நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை. பகுதியார் வந்து கை நனைத்துவிட்டார்கள். ஆவணியில் நாள். "அண்ணையும் மச்சாளும் எப்படியாவது வந்து தாரை வார்த்துக் குடுங்கோ. ராசேஸ் ஒன்றும் கேட்கிறாள் இல்லை. ஆனால் படலைச் சத்தம் கேட்டால் எழும்பிப் பார்க்கிறாள்."

படலை என்ற இடத்தில் இரஞ்சிதம் கடிதத்தை மடித்துவிட்டாள்.

எங்கள் கலியாணத்தில் தகப்பன் மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைப்பார். தாய் பக்கத்தில் நின்று செம்பைச் சரித்து அந்தக் கைகளின்மேல் தண்ணீர் வார்ப்பாள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைக்குத்தான் வேறு ஆட்கள் நிற்பார்கள். இருவரும் உயிரோடு இருக்க, வேறு ஆள் செம்பு தூக்குவதை இரஞ்சிதம் தன் வம்சத்தில் கேள்விப்பட்டதில்லை.

"என்னப்பா, ஒரு வழி பாருங்கோ. நான் நீந்திப் போகச் சொல்லேல்லை."

"எந்தக் கடதாசியில போறது, இரஞ்சிதம்?"

அவர் அதட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மெதுவாகக் கேட்டார்.

வழி தானாக வந்து கதவு தட்டியது. கேதீஸ்வரன் என்று ஒரு பொடியன், வட்டுக்கோட்டையான், கான்பராவில் இலங்கைக்காரரின் கடவுச்சீட்டு அலுவல் பார்க்கிறவன். இடைக்கிடை மெல்பேண் வந்து நகரத்தில் ஒரு அறை எடுத்து இங்குள்ளவர்களின் அலுவலை முடித்துக் கொடுப்பான். அவன் தாய் இரஞ்சிதத்தின் தாய்க்கு ஒன்றுவிட்ட தங்கச்சியின் மருமகள். அந்த முறையைப் பவளம் தேடிப் பிடித்து எழுதி, அவனும் உறவென்று வந்தான். கதிரையில் இருந்தவுடன் சொன்னான்:

"அன்ரி, சாப்பாடு ஒண்டும் எடுக்காதேங்கோ. இஞ்ச கை நனைச்சா நானும் பேப்பரில வந்திடுவன்."

கதிர்காமநாதன் சிரிக்கவில்லை. இரஞ்சிதம் சிரித்துவிட்டு வாயைப் பொத்தினாள்.

"அங்கிள், சுத்தி வளைக்காமல் சொல்லுறன். தலூவாப் பிரசை ஆனபடியா உங்களுக்கு இலங்கைப் பிரசாவுரிமை போச்சு. அப்பிடித்தான் ஃபைலில கிடக்கு. ஆனா எங்கட அரசாங்கத்துக்குத் தலூவா எண்டொரு நாடே இல்லை. இல்லாத நாட்டில போய்ச் சேர்ந்தா, இருக்கிற நாடு எப்பிடிப் போகும்?"

"போகாது" என்றாள் இரஞ்சிதம் உடனே.

"போகாது. அதைத்தான் நானும் மேலிடத்தில கேட்டனான். ஓம் எண்டிட்டினம். ஒரு சத்தியக்கடதாசி மட்டும் இருந்தாக் காணும். தலூவா எண்டொரு நாடு இல்லை, நான் அதில பிரசை ஆகவுமில்லை எண்டு எழுதிக் கையெழுத்து. பாஸ்போட்டை நானே கொண்டு வந்து தருவன். ஆவணிக்கு நிக்கலாம்."

கதிர்காமநாதன் கோட்டின் பொத்தானைப் பூட்டினார்.

"தம்பி, வாசலில பலகை பாத்தனீரோ?"

"பாத்தனான் அங்கிள்."

"அந்தப் பலகைக்கு உள்ள இருந்துகொண்டு நானே எழுதிறதோ, அப்பிடி ஒரு நாடு இல்லையெண்டு?"

"அங்கிள், நீங்கள் எழுதினாலும் எழுதாட்டிலும்..." அவன் முடிக்கவில்லை.

"அந்தக் கப்பல்பாலத்தில ஒவ்வொருத்தனா வந்து என்ர கையைப் பிடிச்சவங்கள். மருந்து வராமல் கிடக்கிறவங்கள். நாளைக்கு இந்தக் கடதாசி பெரிய தீவின்ர கையில போகாது எண்டு சொல்லுவீரோ? அவங்கட தூதுவனே சொல்லிப்போட்டான், நாடு இல்லையாமெண்டு சொல்லமாட்டானோ?"

கேதீஸ்வரன் தரையைப் பார்த்தான். இரஞ்சிதத்துக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

"ஒரு மனிசர் வராத தூதரகம்! காலமை ஆமையை ஏத்திறது, பின்னேரம் ஆமையை இறக்கிறது. பெத்த பிள்ளைக்குத் தகப்பனா நிக்கத் தெரியாதவருக்கு நாடு ஒரு கேடோ?"

வாய் திறக்காத மனிசனோடு எவ்வளவு நேரம் சண்டை பிடிப்பது? அவள் பொடியன் பக்கம் திரும்பினாள்.

"மோனை, நான் தூதுவர் இல்லைத்தானே?"

"இல்லை அன்ரி."

"நான் மட்டும் கையெழுத்து வைச்சா எனக்கு மட்டும் தருவியோ?"

அவன் அங்கிளைப் பார்த்தான். அங்கிள் யன்னலைப் பார்த்தார். "தரலாம். ஆனா அன்ரி, போனா இஞ்ச திரும்பி வர விடுவினமோ எண்டதுக்கு நான் பொறுப்பில்லை. இப்ப நீங்கள் இஞ்ச நிக்கிறது, எங்க அனுப்பிறதெண்டு தெரியாததாலதான். பாஸ்போட் வந்தா அனுப்ப இடம் வந்திடும்."

"அது பிறகு பாப்பம்."

அடுத்த கிழமை முழுக்க இரஞ்சிதம் புருசனுக்குச் சோறு காய்ச்சப் பழக்கினாள். அரிசிக்கு மேலே ஒரு விரற்கடை தண்ணீர் என்று விரலைப் பிடித்துக் காட்டினாள். அவர் கோட்டுக் கையை மடித்துக்கொண்டு படித்தார். முதல் நாள் அடிப்பிடித்தது, இரண்டாம் நாள் களியானது. பருப்பு அவருக்கு வரவில்லை. அவள் மிளகாய்த்தூள் வறுத்துப் போத்தல்களில் அடைத்தாள், எந்தப் போத்தல் எதற்கு என்று சொல்லிக் கொடுத்தாள். அவர் போகாதே என்று ஒருதரமும் சொல்லவில்லை. கப்போர்ட்டின் மேலிருந்த சூட்கேசைத் தானே இறக்கித் தூசி தட்டி, அவள் கட்டிலில் வைத்தார். அவள் அதைத் தரையில் இறக்கி வைத்துவிட்டுத்தான் படுத்தாள்.

கையெழுத்து வைக்கப் போன அன்றைக்கு மழை விட்டிருந்தது. இரஞ்சிதம் நல்ல சேலை உடுத்து, மேலே புருசனின் குளிர்ச்சட்டையைப் போட்டு, டண்டினொங்கில் ரயிலேறினாள். தனியாக நகரத்துக்குப் போவது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு ஸ்டேசனிலும் பலகையைப் பார்த்து எழுத்துக்கூட்டினாள். எல்லா ஊருக்கும் ஒரு பெயர் எழுதி நட்டிருந்தார்கள்.

கேதீஸ்வரன் எடுத்த அறையில் ஒரு மேசை, இரண்டு கதிரை, சுவரோடு ஒரு ஹீற்றர். இருத்தித் தேத்தண்ணி கொடுத்தான். ஆங்கிலத்தில் அடித்த கடதாசியைத் தமிழில் அவளுக்கு விளங்கப்படுத்தினான். அவள் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றாள்.

"வேற விபரமும் சேர்த்துப் போடவேணும் அன்ரி. தகப்பன் பேர் சங்கரப்பிள்ளை. பிறந்தது சுழிபுரம். பிள்ளையள்?"

"ரெண்டு."

அவன் நிமிர்ந்தான். "ஒண்டெல்லோ? ராசேஸ்வரி."

"மூத்தவன் ஒருத்தன் இருந்தவன். குகன்."

"ஓ. எங்க மோசம் போனவர்?"

"தலூவாவில."

அவன் பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தான். "அன்ரி, அப்பிடி ஒரு நாடு இல்லையெண்டு மேல எழுதிப்போட்டு, கீழ அதில பிள்ளை செத்தது எண்டு போட ஏலாது. பெரிய தீவு எண்டு போடுறன்."

"அவன் பெரிய தீவை மிதிச்சதே இல்லை, மோனை."

"கடதாசிக்குத்தானே அன்ரி."

"அங்க இருந்து மருந்து வரேல்லை எண்டுதான் அவன் போனவன். அந்த நாளையிலயும் அவங்கள்தான் கப்பல் விடவேணும். மூண்டு தரம் ஆள் விட்டம். வரேல்லை."

கேதீஸ்வரன் பேனையை மெதுவாக வைத்தான். அவன் நல்ல பொடியன். அவளுக்கு உதவி செய்யத்தான் நினைத்தான். "அப்ப ஒண்டு செய்வம். ஒரு பிள்ளை எண்டே போட்டுவிடுவம். ஒரு வில்லங்கமும் இல்லை. ஆர் கேக்கப்போயினம்?"

ஹீற்றர் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. இரஞ்சிதம் கடதாசியைப் பார்த்தாள். கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில் அவன் பென்சிலால் ஒரு புள்ளடி போட்டிருந்தான். அவள் பேனையை எடுத்தாள். மகள் படலையைப் பார்க்கிறாள் என்று தன் கைக்குச் சொன்னாள். கை கேட்கவில்லை. தாழை மரத்தடியும், அன்றைக்குத் தோண்டின தலூவாக்காரன் தன் மேற்சட்டையைக் கழற்றிப் பிள்ளைக்குக் கீழே விரித்ததும் வந்து முன்னே நின்றன. அவன் பெயரைக்கூட அவள் கேட்டு வைக்கவில்லை.

பேனையை மூடினாள்.

"நான் இன்னொரு நாளைக்கு வாறன், மோனை."

"அன்ரி, இன்னொரு நாள் எண்டா நான் கார்த்திகையிலதான் வருவன். கலியாணம் முடிஞ்சிடும்."

"ஓம்" என்றாள். "தேத்தண்ணி நல்லாயிருந்தது. போட்டு வாறன்."

ரயிலில் அவள் அழவில்லை. வீட்டுப் படலை திறந்து உள்ளே வந்தவள், முன்கதவால் போகாமல் பின்வளவுக்குப் போனாள். சுற்றுக்கம்பி வெறுமையாக நின்றது. மழையும் இல்லை, பொழுதும் படவில்லை. குசினி மேசையில் கொடி நாலாக மடித்துக் கிடந்தது. பக்கத்தில் வாசற்பலகை, திருகாணியோடு. கதிர்காமநாதன் கோட்டில்லாமல் பெனியனோடு இருந்தார். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அந்தக் கடதாசியை எழுதிக்கொண்டு நானும் வாறன் எண்டு அந்தப் பொடியனுக்கு நாளைக்குச் சொல்லும்" என்றார். "நீர் தனியப் போய்ச் செம்பு தூக்க, பிள்ளையின்ர கையை ஆர் பிடிக்கிறது?"

இரஞ்சிதம் கொடியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது இன்னும் காயேல்லை. மடிச்சா மணக்கும்."

அதை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனாள். உச்சிக் கம்பியில் கட்ட அவளுக்கு எட்டவில்லை. அவர் கொஞ்ச நேரம் கழித்து வந்து கட்டினார். பலகையை மட்டும் இரண்டு நாள் கழித்துத்தான் திரும்பப் பூட்டினார். ஒரு திருகாணி உருண்டு அடுப்புக்குக் கீழே போயிருந்தது.

பவளத்துக்குக் கடிதம் போட்டார்கள். நீயும் விக்னராஜாவும் தாய் தகப்பனாக நின்று செய்யுங்கோ. விக்னராஜா பவளத்தின் புருசன், வாய் பேசாத மனிசன், ராசேஸைத் தூக்கி வளர்த்தவர். குறையில்லை. குறையில்லை என்று இரஞ்சிதம் மெசினுக்குச் சொல்லிக்கொண்டே மிதித்தாள்.

கலியாண நாள் கிட்ட வர அவள் ஒன்று கேட்டாள்.

"அந்த பார்லோவுக்குக் கலியாணம் சொல்லுங்கோ. அண்டைக்கு இஞ்ச வந்து சாப்பிடட்டும்."

"உமக்கென்ன விசரோ? அந்த மனிசனை நாங்கள் அழிச்சது காணாதே?"

"அழிச்சனாங்கள்தான். அதுக்குத்தான் சொல்லச் சொல்லுறன். எங்கட வீட்டில கை நனைச்ச ஆள் இந்த ஊரில வேற ஆர் இருக்கினம்?"

அவர் டெலிபோனைத் தூக்கி வைத்து, தூக்கி வைத்து, கடைசியில் பேசினார்.

கலியாணத்தன்று பார்லோ தனியாக வந்தார். கோட்டில்லை, கம்பளிச்சட்டை. கையில் ஒரு பூங்கொத்து. அதை யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் சூட்கேசின்மேல் வைத்தார். அந்தச் சூட்கேசை இன்னும் ஒருவரும் மேலே ஏற்றவில்லை, விறாந்தை மூலையில் கிடந்தது. கதிர்காமநாதன் கோட்டுப் போட்டு, பொத்தான் பூட்டி, எழுந்து நின்று சொன்னார்:

"மிஸ்டர் பார்லோ, முதலில் ஒன்று சொல்லவேண்டும். இன்றைக்கு நீங்கள் இங்கே சாப்பிடுவதால் உங்கள் அரசாங்கத்துக்கு எந்தப் பொறுப்பும் வராது. நான் யாருக்கும் தந்தி அடிக்கமாட்டேன்."

பார்லோ கம்பளிச்சட்டையின் கையை மடித்தார். "இப்போது என்னிடம் கிடப்பது பழைய காகிதங்கள்தான், மிஸ்டர் நாதன். அவை மறுப்பு அறிக்கை விடாது. எனக்குப் பசிக்கிறது."

கலியாணச் சாப்பாடு என்றபடியால் மரக்கறி. பருப்பு, பூசணிக்காய், உருளைக்கிழங்குப் பிரட்டல், வடை, பாயசம். முள்ளுக்கரண்டி வைக்கவில்லை. கதிர்காமநாதனும் கூட உட்கார்ந்தார். ஆனால் மணிக்கூட்டைக் கழற்றிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சோற்றை அளைந்துகொண்டிருந்தார். அங்கே காலமை முகூர்த்தம், இங்கே மத்தியானம் தாண்டிவிடும்.

"மகளின் வீடு தூரமா?" என்று பார்லோ கேட்டார்.

"தூரமில்லை" என்றார் கதிர்காமநாதன். "வழிதான் இல்லை."

பார்லோ இரண்டாம் தரம் சோறு கேட்கவில்லை. இரஞ்சிதம் கேட்காமலே போட்டாள். அவர் அதையும் சாப்பிட்டு முடித்தார். எழும்பி, மஞ்சள் படிந்த கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குசினித் தொட்டிப் பக்கம் போகப் பார்த்தார். இரஞ்சிதம் வேண்டாம் என்று தலையாட்டினாள். சாமிப்படத்துக்கு முன்னால் இருந்த பித்தளைச் செம்பை எடுத்துத் தண்ணீர் நிரப்பிக்கொண்டு, பின்கதவைத் திறந்தாள். அவர் பின்னால் வந்தார். வெளியே குளிர்காற்று. சுற்றுக்கம்பி கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றியது, ஆமை மேலே படபடத்தது. பார்லோ புல்லோரத்தில் நின்று இரண்டு கையையும் நீட்டினார்.

அவள் செம்பைச் சரித்தாள்.

உள்ளேயிருந்து கதிர்காமநாதன் மணிக்கூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"இரஞ்சிதம், இப்பதான்" என்றார்.

அவள் திரும்பவில்லை. பார்லோவின் கை எப்போதோ வெளுத்துவிட்டது. தண்ணீர் பச்சைத் தண்ணீர், விரல்கள் சிவந்து நடுங்கின. அவர் எடுத்திருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தார், எடுக்கவில்லை. செம்பு முடியும் வரைக்கும் அவள் வார்த்துக்கொண்டே இருந்தாள்.